கரும்பலகை பக்கத்துல நிக்கிறவங்களை யாரு கேட்கா?

குற்றாலத்துல சாரல் தொடங்கியாச்சு. சென்னை, பெங்களூரு நண்பர்கள் எல்லாம் "தண்ணி விழுதா?"னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. விழுது, வாங்க. ஆனா இன்னைக்கு எழுத வந்தது அருவியைப் பத்தி இல்ல. ஜூன் மாசம் எங்க தென்காசிப் பக்கம் ரெண்டு வேலை ஒண்ணா ஆரம்பிக்கும். ஒண்ணு கார் நடவு, இன்னொண்ணு பள்ளிக்கூடம். ரெண்டுக்குமே மேலேயிருந்து புதுசு புதுசா உத்தரவு வர்ற மாசமும் இதுதான்.

ஒற்றை நாற்று நடவு கேள்விப்பட்டிருப்பீங்க. 2003-04ல் வேளாண் பல்கலைக்கழகம் அதைக் கொண்டுவந்தப்போ, எங்க தாமிரபரணிப் பாசனத்துல நூறு விவசாயிகளோட வயல்லயே போட்டுப் பாத்தாங்க. நாத்து எத்தனை நாள் வயசுல எடுக்கணும், களையெடுக்கிற கருவி நம்ம சேத்துல உருளுமா, ஆளு எத்தனை வேணும்னு எல்லாம் வயல்லயே தெரிஞ்சுது. சில பேருக்குப் பிடிச்சுது, சில பேரு பழைய முறைக்கே போயிட்டாங்க. ஆனா யாரும் "எங்களைக் கேக்கவே இல்ல"ன்னு சொல்ல முடியாது.

அதே 2003ல் சென்னையில பள்ளிக்கூடத்துக்கும் இப்படி ஒண்ணு நடந்துச்சு. மாநகராட்சி ஆணையரா இருந்த எம்.பி.விஜயகுமார், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களை மதனப்பள்ளி பக்கத்துல இருக்கிற ரிஷிவேலிக்கு அனுப்பினார். பல வகுப்புப் பிள்ளைங்களை ஒரே அறையில வெச்சு, அட்டைகளை வெச்சே பாடம் நடத்துற முறை அங்க இருந்துச்சு. பாத்துட்டு வந்த ஆசிரியர்களே உக்காந்து நம்ம பாடத்துக்கு ஏத்த மாதிரி அட்டைகளைத் தயாரிச்சாங்க. முதல்ல 13 பள்ளி. அப்புறம் மாநகராட்சிப் பள்ளிகள் எல்லாத்துக்கும். பிள்ளைங்க கைக்கெட்டுற உயரத்துல சுவத்தைச் சுத்திக் கரும்பலகை, தரையில பாய், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்துல ஏறிப்போக ஒரு ஏணி. செயல்வழிக் கற்றல்னு பேரு.

2007-08ல் அது மாநிலம் முழுக்க, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வந்துச்சு. என் கணிப்புல அங்கதான் சறுக்கல். சென்னையில ஆசிரியர்களே உண்டாக்கின முறை, கிராமத்துக்கு வந்தப்போ உத்தரவா வந்துச்சு. அட்டை எழுதினவருக்கு அது ஏன் அந்த இடத்துல இருக்குன்னு தெரியும், பெட்டியில வாங்கினவருக்கு எப்படித் தெரியும்? பயிற்சி குடுத்தாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா பயிற்சி எடுக்கிறதும் சேந்து செய்யுறதும் ஒண்ணு இல்ல. அப்புறம் அதையே எளிமைப்படுத்தினாங்க, 2022ல் எண்ணும் எழுத்தும் வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சருக்குப் புதுப் புத்தகம், புதுச் செயலி, புதுப் பயிற்சி.

இதெல்லாம் ஒரு விவசாயிக்கு எதுக்குனு கேட்கலாம். எங்க ஊர் மாதிரி ஊர்கள்ல அஞ்சு வகுப்புக்கு ரெண்டு ஆசிரியர். ஒருத்தர் கூட்டத்துக்குப் போயிட்டா மத்தவரு தலையிலதான் அஞ்சு வகுப்பும். அதுக்கு நடுவுல போன்ல வருகைப் பதிவு, உடல்நலக் கணக்கு, வங்கிக் கணக்கு ஏத்தணும், டவர் வேற கிடைக்காது. இந்தப் பிள்ளைங்கதான் நாளைக்கு என் வயலுக்குப் பக்கத்து வயல்காரங்க, இல்லன்னா உங்க ஆபீஸ்ல உங்க பக்கத்து நாற்காலி.

இந்தப் பிள்ளைங்களைப் பத்தி அந்த டீச்சருக்குத் தெரிஞ்சது கோட்டையில யாருக்கும் தெரியாது. கடையம், ஆலங்குளம், கடையநல்லூர் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுத்துற அம்மாக்கள் உண்டு. கடையில எண்ணிக் குடுக்கிற நாள் நெருங்கினா பொம்பளப் பிள்ளை ராத்திரி இலை வெட்டும், வீட்டுப்பாடம் நடக்காது. சீசன் நேரத்துல குற்றாலத்துல கடை போட்டிருக்கிற வீட்டுப் பையன் வகுப்புல கண்ணை மூடுவான். உள்ளி பிடுங்குற வாரம் வருகை குறையும். "கற்றல் இடைவெளி"ன்னு அறிக்கையில எழுதுறாங்களே, அதுல பாதி இதுதான்.

ஒரு காலத்துல இதைச் சட்டம் போடுற இடத்துலயே சொல்ல வழி இருந்துச்சு. தமிழ்நாட்டுல சட்ட மேலவை இருந்தப்போ அதோட 63 இடத்துல 6 இடம் ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற தொகுதி. 1986 நவம்பர் 1ல் மேலவையைக் கலைச்சாங்க, அந்த ஆறு நாற்காலியும் போச்சு. கர்நாடகா, தெலங்கானா, ஆந்திராவுல இன்னைக்கும் இருக்கு. அந்தத் தொகுதியிலயும் ஒரு ஓட்டை உண்டு. உயர்நிலைப் பள்ளிக்குக் கீழ பாடம் நடத்துறவங்களுக்கு அதுல ஓட்டு கிடையாது. ஒண்ணாம் வகுப்பு டீச்சரை அப்பவும் யாரும் கேட்கல. மேலவை திரும்ப வரணும்னு நான் சொல்ல வரல. வந்தா தோத்துப்போன அரசியல்வாதிகளுக்குத்தான் மெத்தை விரிப்பாங்க.

மாநிலக் கல்விக் கொள்கைக்கு 2022ல் நீதியரசர் முருகேசன் தலைமையில குழு போட்டாங்க. விஸ்வநாதன் ஆனந்த், டி.எம்.கிருஷ்ணா, எழுத்தாளர் எஸ்.ராமகிருஷ்ணன்னு பெரிய பேருங்க. நாகப்பட்டினம் பக்கத்துலேர்ந்து ஒரு நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியரும் இருந்தார். அதைப் பாத்ததும் எனக்குச் சந்தோஷம். அதே மூச்சுல, இவரை மாதிரி இன்னும் நாலஞ்சு பேரு இருந்திருக்கலாமேன்னும் தோணுச்சு. 2025 ஆகஸ்ட் 8ல் கொள்கை வெளிவந்துச்சு. பதினொண்ணாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துட்டாங்க. 2017-18ல் கொண்டுவந்த தேர்வு அது. வரிசையா ரெண்டு வருஷம் பொதுத்தேர்வுன்னு வந்தா பிள்ளைங்க என்ன ஆவாங்கன்னு, கொண்டுவர்றதுக்கு முன்னாடியே மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள்ட்ட கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பாங்க.

"வாத்தியாருங்களை விட்டா சம்பளம், பென்ஷன், டிரான்ஸ்ஃபர் தவிர வேற பேச மாட்டாங்க"ன்னு எங்க டீக்கடையில சொல்லுவாங்க. உண்மை கொஞ்சம் இருக்கு. பாடமே நடத்தாத ஆளுங்களும் இருக்காங்க, மறைக்க வேண்டாம். ஆனா இன்னொண்ணையும் பாருங்க. அரசு ஊழியர் நடத்தை விதிகள்படி அரசோட கொள்கையை ஆசிரியர் வெளியில விமர்சிச்சா நடவடிக்கை வரும். சம்பளத்தைப் பத்திப் பேச சங்கம் இருக்கு. பாடத்தைப் பத்திப் பேச மேடை எங்க இருக்கு? வாயைக் கட்டிப்போட்டுட்டு ஊமைன்னு சொல்லக்கூடாது.

நம்ம ஊரு வகுப்பறைக்கு அந்தத் தகுதி இல்லன்னும் சொல்ல முடியாது. 1790கள்ல எழும்பூர்ல ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்தின ஆண்ட்ரூ பெல், மணல்ல விரலால எழுதிப் படிச்ச நம்ம திண்ணைப் பள்ளிப் பிள்ளைங்களைப் பாத்துட்டு, பெரிய பிள்ளை சின்ன பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்கிற முறையை உருவாக்கி 1797ல் லண்டன்ல புத்தகமா போட்டார். இங்கிலாந்துல அதுக்கு "மெட்ராஸ் முறை"ன்னே பேரு.

நான் கேட்கிறது பெரிசா ஒண்ணும் இல்ல. எந்தப் புதுத் திட்டமும் ஒரு வருஷம் தென்காசி மாதிரி மாவட்டத்து ஈராசிரியர் பள்ளிகள்ல ஓடட்டும், ஓட்டின ஆசிரியர்கள் "இது ஆகாது"ன்னு எழுதினா அதை அப்படியே வெளியிடட்டும். குழு போட்டா பாதிப் பேரு இன்னைக்கும் வகுப்பெடுக்கிறவங்களா இருக்கட்டும். கொள்கையை விமர்சிக்கிற ஆசிரியர் மேல, பாடம் சம்பந்தமான பேச்சுக்காவது, நடவடிக்கை கிடையாதுன்னு விதியைத் திருத்தட்டும்.

கீழேயிருந்து தொடங்கவும் ஒரு இடம் இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு, அதுல முக்கால்வாசி பெற்றோர்தான். எங்க ஊர்ல கழிவறை, குடிதண்ணி, சுத்துச்சுவர் பேசி முடிச்சதும் கையெழுத்துப் போட்டுட்டு எந்திரிச்சிருவோம். அடுத்த கூட்டத்துல, மேலேயிருந்து வந்ததுல எது இங்க நடக்கல, ஏன் நடக்கலன்னு டீச்சரைச் சொல்லச் சொல்லி, அதைத் தீர்மானமா எழுதி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பணும்னு நாலு பெற்றோர்கிட்ட பேசியிருக்கேன். அவங்க பேர்ல இல்லாம எங்க பேர்ல போனா டீச்சருக்கும் தொந்தரவு இல்ல. உங்க சொந்த ஊர்ப் பள்ளியில முன்னாள் மாணவரா நீங்களும் கேட்கலாம். சீசனுக்கு வர்றப்போ ஐந்தருவிக்குப் போற வழியில ஒரு அரை நாள் அதுக்கும் ஒதுக்குங்க.