மாதவிலக்குப் பிந்துவது குற்றமா?

பரந்தன் – முல்லைத்தீவுப் பெருந்தெருவில் உள்ள முரசுமோட்டையில் வழக்கொன்று பற்றிப் பேசிவிட்டு எழுந்த வேளை, குடும்பப் பெண்ணொருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “ஐயா, அவசரத்துக்குக் கருத்தடைக் குளிசை போட்டனான். மாதவிலக்கு ஐந்து நாள் பிந்திவிட்டது. கருவைக் கலைத்தவள் என்று என்னை மறியலிற் போடுவார்களோ?”

தாயின் உயிரைக் காக்கும் நோக்கமின்றிக் கருவைச் சிதைப்பது, 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 303ஆம் பிரிவின்படி குற்றமே. ஆயின், உண்டாகாத கருவைச் சிதைப்பது எங்ஙனம்? போஸ்டினோர் என்னும் பெயரில் மருந்துக்கடைகளில் விற்கப்படும் அக்குளிசையிலுள்ள லெவோனோஜெஸ்ட்ரல், சூலகத்திலிருந்து முட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுகின்றது. தரித்துவிட்ட கருவை அது கலைப்பதில்லை. 72 மணி நேரத்துள் உட்கொள்ளல் வேண்டும். பிந்தப் பிந்தப் பயன் குறையும்.

முட்டை பிந்தினால் மாதவிலக்கும் பிந்தும். இரணைமடுத் துருசு பிந்தித் திறந்தாற் சிறுபோக அறுவடையும் பிந்துகின்றதன்றோ? அதனால் வயல் தரிசாகிவிடுவதில்லை. இம்மருந்தினாற் பெண் மலடியாவதுமில்லை. சிலருக்கு விலக்கு முந்தியும் வரும். இடையிற் சிறிது இரத்தம் கசிதலும் உண்டு. பெரும்பாலார்க்கு மாற்றம் ஒரு கிழமைக்குள் அடங்கும். அதற்கு மேற் பிந்தினாற் சிறுநீர்ச் சோதனை செய்வித்தல் அவசியம். அடிவயிற்றிற் கடுநோவு கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்க. ஒவ்வொரு மாதமும் இதனையே நம்பியிருத்தல் தகாது; வழமையான கருத்தடை முறைகள் இதனினும் பயன் மிக்கவை.

இவ்வளவும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டிருக்கலாமே என்பீர். கேட்க அஞ்சுகின்றனர். 2013 ஆகஸ்டில், இதே கிளிநொச்சி மாவட்டத்து வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய ஊர்களிற் பெண்களை வற்புறுத்திக் கையிற் கருத்தடைக் குச்சி வைத்தனர் என்ற முறைப்பாடு எழுந்தது. அதிகாரிகள் மறுத்தனர். மறுப்பினால் அச்சம் நீங்கிற்றா? அரசு தரும் மருந்தென்றாலே ஐயுறும் மனம், கடையில் ஒளித்து வாங்கி, விளக்கம் கேளாமல் விழுங்குகின்றது. வற்புறுத்தலை எதிர்த்த நாம், அறியாமையைப் பேணுதல் முறையாகாது. தன் உடலைப் பற்றித் தானே முடிவு செய்யும் உரிமை அவ்விரண்டினாலுமே பறிபோகின்றது.

1987இல் 13ஆம் திருத்தத்தினால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. அவ்வுரிமை மருந்துப் பெட்டிக்கும் உரியது. குளிசையை விற்பவர் அதன் விளைவுகளை வாங்குபவருக்குத் தமிழில், பிறர் காதிற் படாமல் எடுத்துரைத்தல் கட்டாயமாக்கப்படல் வேண்டும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிற் குளத்துக்கும் தெருவுக்கும் வாதாடும் நம் பிரதிநிதிகள், வெட்கத்தை விட்டு இதனையும் அங்கே எழுப்புவார்களா?