நாளுக்கு ஓரெழுத்து

விவேக் நகரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் மாணவ நண்பர்களுக்குத் தமிழகத்தை விட்டு வந்த எண்ணமே எழுவதில்லை. காய்கறிக் கடையில் தமிழ். தேநீர்க் கடையில் தமிழ். குழந்தை இயேசு திருத்தலத்திலும் தமிழ் வழிபாடு. இந்த வசதியே ஒரு தடையாகவும் அமைந்துவிட்டது. பட்டம் பெற்றுத் திரும்பும் நாளிலும் பேருந்தின் கன்னடப் பலகையைப் படிக்கத் தெரியாதவர் நம்மிடையே உண்டு.

அவர்கள் முயலவில்லை என்று சொல்வதற்கில்லை. முப்பதே நாளில் முழுக் கன்னடமும் கற்றுவிடுவதென்று புத்தகம் வாங்குகிறார்கள். பத்தாம் நாள் நாக்குப் புரளவில்லை, கேட்பவர் சிரிக்கிறார், புத்தகம் பெட்டிக்குள் போகிறது. பேராசையே முயற்சிக்குப் பகையாகிறது.

பெரியோர் கற்ற முறை என்ன? 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்த உ.வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற புலவர். ஆயினும் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டபோது, தாம் பயிலாத நூல்கள் உண்டென்பதை உணர்ந்தார். ஏட்டைப் புரட்டினார், பல இடங்கள் விளங்கவில்லை. அவ்வூர்ச் சமணர்களை அணுகி, அவர்தம் சமயச் சொற்களைக் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். நூல் அச்சேறியது 1887இல். அவருக்கே ஏழாண்டு எனில், நமக்கு முப்பது நாள் போதுமா?

கன்னட எழுத்துகள் 49. நாளுக்கு ஒன்றென்றாலும் இரண்டு திங்களுக்குள் முடியும். கூட்டெழுத்துகள் இன்னும் சில திங்கள் கேட்கும், கேட்கட்டும். சொற்களோ நமக்கு உறவு. நம் ‘பால்’ அங்கே ‘ஹாலு’, ‘புலி’ ‘ஹுலி’, ‘பத்து’ ‘ஹத்து’. சொல்முதற் பகரம் ஹகரமாவதை ஒருநாள் உணர்ந்தால், பல சொற்கள் தாமே விளங்கும். நம் ஒரு ககரத்துக்கு அங்கே நான்கெழுத்து. நாக்கு இடறத்தான் செய்யும். அறைத்தோழன் சரளமாகப் பேசுகிறானே என்று ஏங்க வேண்டாம். சென்ற திங்கள் படிக்க இயலாத பலகையை இன்று படித்தோமா? அதுவே நமக்கு அளவுகோல்.

கன்னடம் கற்றால் தமிழ்ப்பற்றுக் குறையும் என்பாரும் உளர். அல்சூரில் 18 ஆண்டுகள் மூடிக்கிடந்த வள்ளுவர் சிலை 2009இல் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னையில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. யார் பற்றுக் குறைந்தது? உறவல்லவா வளர்ந்தது!

நம் மன்றத்துக் கரும்பலகையில் நாளும் ஒரு கன்னடச் சொல்லையும் அதற்கிணையான தமிழ்ச் சொல்லையும் எழுதி வைப்போம். ஆண்டு முடிவில் கூட்டிப் பார்ப்போம். சிறுகச் சேர்ந்த செல்வம் எவ்வளவென்று அன்று தெரியும்.