சீதனம் பங்கு ஆகாது: மகள்களிடம் விடுதலைப் பத்திரம் கேட்பது குறித்து எங்கள் நிலைப்பாடு

தகப்பனார் காலமானபின், கட்டிக்கொடுத்த மகளை வரவழைத்து, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் ஒப்பு வாங்குவது குமரி மாவட்டத்தில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. குடும்பச் சொத்து விவகாரங்களில் ஆலோசனை தரும் அமைப்பு என்ற முறையில், இதில் எங்கள் நிலையை வெளிப்படையாகச் சொல்கிறோம். பங்கு எத்தனை சென்ட், அதன் இன்றைய மதிப்பு என்ன என்று சொல்லாமல் வாங்கும் எந்த ஒப்பையும் நாங்கள் எதிர்க்கிறோம். கணக்கு தெரிந்து, மனமுவந்து விட்டுக்கொடுக்கிற சகோதரியைத் தடுக்கிற எண்ணம் எங்களுக்கு இல்லை.

இந்தப் பத்திரங்களைப் படித்தால் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும். திருமணத்தின்போது நகையும் ரொக்கமும் பெற்றுக்கொண்டதால் சொத்தில் இனி எந்தப் பாத்தியமும் இல்லை என்று மகள் சொல்வதாக எழுதியிருக்கும். முத்திரைக் கட்டணம் கணக்கிட வேண்டியிருப்பதால், அவள் விட்டுக்கொடுக்கும் பங்கின் மதிப்பும் அதே பத்திரத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. "ஒரு ஒப்புதானே பிள்ளே, போட்டுட்டுப் போ" என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் சட்டமே துணையாக இருந்தது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள். கொல்லம் ஆண்டு 1092-இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் மகளுக்குக் கிடைத்தது மகனுடைய பங்கில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. விதவைக்கோ ஆயுள்கால அனுபவ உரிமை மட்டும். மறுமணம் செய்துகொண்டால் அதுவும் போய்விடும். இதை எதிர்த்துக் கேரளத்தின் மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே செல்லாது, அன்றிலிருந்து 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றது. கேரளத்தில் பெரிதாகப் பேசப்பட்ட இத்தீர்ப்பு, 2011 கணக்கெடுப்பின்படி மக்களில் ஏறத்தாழ 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்களாக உள்ள நம் மாவட்டத்தில் வீட்டுத் திண்ணைவரை வந்து சேரவில்லை.

கல்குளம் தாலுகாவில் கிறிஸ்தவர் ஒருவர் 90 சென்ட் தென்னந்தோப்பை விட்டுவிட்டு உயில் எழுதாமல் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். 1925-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, 30 சென்ட். மீதி 60 சென்ட் மூன்று பிள்ளைகளுக்கும் சமம், ஆளுக்கு 20. மகள் திருமணமானவளா, எத்தனை பவுன் கொண்டுபோனாள் என்ற கேள்விக்கே அந்தச் சட்டத்தில் இடமில்லை. தாயின் 30 சென்ட் அவருக்கு முழு உரிமையுள்ள சொத்து. அதை விற்கலாம், யாருக்கும் எழுதியும் வைக்கலாம்.

இந்துக் குடும்பங்களுக்கு வேறு சட்டம். தமிழ்நாடு 1989-லும் நாடாளுமன்றம் 2005-லும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தந்தன. தகப்பனார் 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் அந்த உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தாய்வழியில் சொத்து இறங்கிய மருமக்கள் வழி முறையைக் கவிமணி கிண்டல் செய்து எழுதிய ஊர் இது. பெண்வழியாகச் சொத்து வந்த மண்ணில் பெண்ணின் கையொப்பம் சொத்தைக் கைமாற்ற மட்டுமே தேவைப்படுகிறது என்பது வேடிக்கைதான்.

சீதனம் கொடுத்தாயிற்று என்ற வாதத்துக்கு வருவோம். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். பெண்ணுக்கென்று வந்த அந்தப் பணமும் பொருளும் அவளிடமே சேர வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. குற்றமான ஒன்றை ரசீதாகக் காட்டிப் பங்கைக் கழிப்பது எந்த நியாயம்? மாப்பிள்ளை வீட்டார் கையில் போன பணத்துக்கு மகள் ஏன் 20 சென்டை ஈடாகத் தர வேண்டும்?

தகப்பனார் உயிரோடிருக்கும்போதே, கல்யாணத்துக்கு முந்தின நாள் எழுதி வாங்குகிற வழக்கமும் உண்டு. வரப்போகும் வாரிசுரிமை என்பது இன்னும் சொத்தே அல்ல; அதைக் கைமாற்ற முடியாது என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தத் தைரியத்தில் யாரும் ஒப்பு போட்டுவிடக் கூடாது. பணம் பெற்றுக்கொண்டு எழுதிக் கொடுத்தவர் பிற்பாடு உரிமை கோர முடியாமல் போகலாம் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்னொன்று: நிலத்தின் பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணம் பதிவாக வேண்டும். வெற்றுத்தாளிலும் பழைய முத்திரைத்தாளிலும் வாங்கும் ஒப்பு மிரட்டத்தான் உதவும்.

வரிப் பேச்சைச் சொல்லியும் சகோதரிகளைப் பயமுறுத்துகிறார்கள். வாரிசாகச் சொத்து வருவதற்கு இந்தியாவில் வரி இல்லை; மரணச் சொத்து வரி 1985-லேயே ஒழிந்தது. பங்கைப் பின்னால் விற்றால்தான் மூலதன ஆதாய வரி. அப்போதும் தகப்பனார் வாங்கிய விலையை, 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்தானால் அந்த நாளின் சந்தை மதிப்பை, கழித்துக்கொண்டே கணக்கிடுவார்கள். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலை, பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் பத்திரங்களுக்கு முத்திரைக் கட்டணம் ஒரு சதவீதம். 2023 ஜூலை முதல் உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000. பாகப்பிரிவினையில் இந்த வரம்புகள் ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனி. ஒப்பு வாங்குவதற்கு ஆகிற இதே கட்டண விகிதத்தில் முறையான பாகப்பிரிவினையே செய்துவிடலாம்.

எதிர்வாதங்களில் ஒன்றை நாங்கள் மதிக்கிறோம். நோயாளித் தாயை வைத்துப் பார்த்த மகனுக்கும், வளைகுடாவில் உழைத்து வீட்டுக் கடனை அடைத்த மகனுக்கும் கூடுதலாகச் சேர வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. அதற்குச் சட்டத்தில் நேர்வழி உண்டு. தகப்பனார் தம் சுயசம்பாத்தியத்தை உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். (திருமணத்துக்கு முன் எழுதிய கிறிஸ்தவர் உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும் என்பதை நினைவில் வைக்கவும்.) தாய் தன் பங்கைச் செட்டில்மென்டாகக் கொடுத்தால், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதட்டும். பராமரிக்காவிட்டால் 2007-ஆம் ஆண்டின் முதியோர் சட்டத்தின்கீழ் அதை ரத்து செய்யக் கோரலாம். தகப்பனார் எழுதாமல் போனதை மகளின் விரல் பிடித்து எழுத வைப்பதைத்தான் கூடாது என்கிறோம்.

ஒப்பு மறுத்த பெண் நீதிமன்றம் போனால் அங்கே ஒரு அநீதி காத்திருக்கிறது. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டப்படி, சொத்தைக் கூட்டாக அனுபவிப்பவர் பாக வழக்குப் போட்டால் சிறு தொகைதான் கட்டணம். அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவர் தம் பங்கின் சந்தை மதிப்பில் சதவீதக் கணக்கில் கட்ட வேண்டும். தோப்பில் கால்வைக்க விடாமல் தள்ளப்பட்ட தங்கைக்குத்தான் பெரிய கட்டணம்! வாரிசாகப் பங்கு கேட்கும் பெண்களுக்கு இந்த வேறுபாட்டைத் தமிழக அரசு நீக்க வேண்டும்.

சார்பதிவாளர்கள், விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் பெண்ணைத் தனியே அழைத்து, பங்கின் அளவையும் மதிப்பையும் வாசித்துக் காட்டியபின் பதிவு செய்ய வேண்டும். கட்டிக்கொடுத்த மகள்களின் பெயர் விடுபட்ட வாரிசுச் சான்றிதழ் மனுவை வட்டாட்சியர்கள் ஏற்கக் கூடாது. கூட்டுப் பட்டாவில் அவர்கள் பெயரும் ஏற வேண்டும். திருமணத்துக்கு முன் தம்பதிகளுக்கு வகுப்பு நடத்தும் திருச்சபைகள், அதில் ஒரு மணி நேரத்தை வாரிசுரிமைக்கு ஒதுக்கலாம்; ஆலயத்தில் சொன்னால் எடுபடுகிற ஊர் இது.

ஒப்பு போட அழைப்பு வந்திருக்கும் சகோதரிகளுக்கு: பத்திர நகலை முதலில் கேட்டு வாங்குங்கள். வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்றக் கட்டணமும் அதில் அடங்கும். நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசியில் கேட்க எண் 15100.