பெயர் மாறினால் மது மாறுமா?



சென்ற விடுமுறையில், நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் நம்மைக் காண வந்தார். பெங்களூரில் கணினித் துறையில் பணிபுரிபவர். நீண்ட தயக்கத்திற்குப் பின், "ஹஜ்ரத், நான் குடிக்கவில்லை, சுவைத்துத்தான் பார்த்தேன்" என்றார். அலுவலக நண்பர்கள் அழைத்துச் சென்ற இடத்தில், மரப்பலகையொன்றில் நான்கு சிறு குவளைகளை வைத்தார்களாம். அவற்றுள் ஒன்று 'ரெட் ஏல்' எனும் செந்நிற பீர். ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு பருகி மதிப்பெண் இடுவதே அன்றைய கேளிக்கை.

'குடிக்கவில்லை, சுவைத்தேன்' என்னும் இந்தச் சொல்லையே நாம் எதிர்க்கிறோம்.

ரெட் ஏல் என்பது அயர்லாந்தின் பெயரோடு வழங்கும் பீர் வகை. முளைகட்டிய பார்லியின் சாற்றை ஈஸ்ட் இட்டு நொதிக்க வைப்பார்கள். வறுத்த பார்லி சிறிது சேர்வதால் செந்நிறம் கூடுகிறது. அதில் ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடு ஆல்கஹால் உண்டு. இதனை மதிப்பிட அமெரிக்காவில் 1985 முதல் நடுவர்களுக்குத் தேர்வும் சான்றிதழும் உள்ளன. அவர்களது தாளில் மொத்தம் 50 மதிப்பெண்கள்: மணத்திற்கு 12, தோற்றத்திற்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த மதிப்பீட்டிற்கு 10. குடிப்பவனின் அறிவுக்கு என்ன நேர்கிறது என்பதற்கு அங்கே ஒரு மதிப்பெண்ணும் இல்லை. மார்க்கமோ அந்தக் கேள்வியையே முதலில் கேட்கிறது.

பார்லி மது புதிய கண்டுபிடிப்பன்று. யமன் நாட்டில் தேனிலும் பார்லியிலும் செய்யப்பட்ட பானங்களைக் குறித்து அபூமூஸா (ரலி) அவர்கள் வினவியபோது, போதை தரும் அனைத்தும் ஹராம் என்றே நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். பார்லி பானத்திற்கு அன்று 'மிஸ்ர்' என்று பெயர். இன்று 'கிராஃப்ட் பீர்' என்று பெயர். மதுவுக்கு வேறு பெயர் சூட்டிப் பருகுவோர் இந்தச் சமுதாயத்தில் தோன்றுவர் என்ற முன்னறிவிப்பும் ஹதீஸில் உள்ளது.

"ஒரு மிடறு போதை தராதே" என்பார்கள். எதன் அதிக அளவு போதை தருமோ, அதன் சிறிய அளவும் ஹராம் என்பது நபிமொழி. அளவைக் காட்டித் தப்பிக்கும் வாசல் அன்றே அடைக்கப்பட்டுவிட்டது.

அதன் மணமும் சுவையும் இனியவை என்று ரசிகர்கள் கூறினால் நாம் வாதிடப் போவதில்லை. மதுவில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டென அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனமே ஒப்புக்கொள்கிறது. ஆயினும் அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்று தீர்ப்பளிக்கிறது. ஒன்று இனிப்பதாலேயே ஹலால் ஆகிவிடாது.

நம்மையும் நாம் கண்டிக்க வேண்டும். மதுக்கடை வாசலில் விழுந்து கிடக்கும் கூலித் தொழிலாளியைக் கண்டால் முகஞ்சுளிக்கிறோம். அதே பொருளைக் குளிரூட்டிய அறையில், விலையுயர்ந்த குவளையில் பருகுபவரின் செயலை 'ரசனை' என்று கேட்டு வாய்மூடி நிற்கிறோம். ஏழைக்கு ஒரு ஷரீஅத், வசதி படைத்தவருக்கு வேறொரு ஷரீஅத்தா? மேலும், ஹராம் என்று சொல்லிக் கொடுத்த நாம், நண்பர்கள் நடுவே எப்படி மறுப்பது என்பதைச் சொல்லிக் கொடுத்தோமா?

அம்மாணவரை நாம் விரட்டவில்லை. தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது என்றோம். "அடுத்த முறை காரணங்களை அடுக்க வேண்டாம், 'நான் முஸ்லிம், இதைத் தொடமாட்டேன்' என்று புன்னகையோடு சொல்லுங்கள். அதற்காக விலகுபவர் நண்பரல்லர்" என்றோம். அவர் கண்கலங்கினார்.

பெற்றோர்களே, வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் சம்பளத்தை விசாரிப்பதோடு நிறுத்தாதீர்கள். மாலைப் பொழுதுகள் யாரோடு கழிகின்றன என்றும் அன்போடு கேளுங்கள். உண்மையைச் சொன்னால் கடிந்துவிடாதீர்கள். சொல்ல வந்ததே ஈமானின் அடையாளம்.

வல்ல ரஹ்மான் நம் சந்ததிகளின் அறிவையும் ஈமானையும் பாதுகாப்பானாக. ஆமீன்.