கீழாநெல்லியும் உப்பு ஜாடியும்

கொல்லைப்புறத்தில் கீழாநெல்லி முளைத்திருக்கிறது. அடுப்பங்கரையில் உப்பு ஜாடி இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் இந்த இரண்டும் இல்லாத வீடு குறைவு. கீழாநெல்லி என்றதும் கல்லீரல் ஞாபகம் வரும். உப்பு என்றால் நாக்கு ஞாபகம் வருமே தவிர, கழுத்து ஞாபகம் வராது. வரவேண்டும். கழுத்தின் முன்பக்கத்தில், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போல ஒரு சுரப்பி இருக்கிறது. அதற்குத் தைராய்டு என்று பெயர். அது உயிர் வாழ்வது அந்த உப்பு ஜாடியை நம்பித்தான்.

கல்லீரலின் எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. தைராய்டு 25 கிராமுக்கு மேல் இராது. உருவத்தில் யானையும் பூனையும். ஆனாலும் இரண்டுக்கும் உறவு உண்டு. தைராய்டு சுரக்கும் நீரில் பெரும்பகுதி, உடம்புக்கு நேராகப் பயன்படாத உருவில் வெளிவருகிறது. அதில் ஒரு பங்கைப் பயன்படும் உருவுக்கு மாற்றிக் கொடுப்பது கல்லீரல். தைராய்டு மந்தப்பட்டால் இரத்தத்தில் கொழுப்பு ஏறுகிறது. கல்லீரலிலும் கொழுப்பு படிகிறது.

பாட்டி வைத்தியம்

ஒரு வீட்டில் பையனுக்குக் கண் மஞ்சளாகிறது. சோறு வேண்டாம் என்கிறான். குமட்டுகிறது. சிறுநீர் டீத்தண்ணீர் போலப் போகிறது. பாட்டி உடனே கீழாநெல்லியை வேரோடு பறித்து, அரைத்து, மோரில் கலக்கிக் கொடுக்கிறாள். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, கடும் பத்தியம். இரண்டு மூன்று வாரத்தில் கண் வெளுத்துவிடுகிறது. கீழாநெல்லிக்குப் பேர் வந்துவிடுகிறது.

பாட்டி சொல்வது பொய்யல்ல. பையன் பிழைத்தது மெய். எதனால் பிழைத்தான் என்பதுதான் கேள்வி. கெட்ட தண்ணீராலும் கெட்ட உணவாலும் பரவும் காமாலைக்கு ஏ, ஈ என்ற இரண்டு வைரஸ்கள் காரணம். இந்தக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். மருந்து கொடுத்தாலும் இறங்கும், கொடுக்காவிட்டாலும் இறங்கும்.

எல்லாக் காமாலையும் இப்படி நல்ல பிள்ளையாக இறங்கிவிடுவதில்லை. காமாலை என்பது நோயின் பெயரே அல்ல. உள்ளே ஏதோ கோளாறு என்பதற்கு அடையாளம். பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். கட்டி அழுத்தினாலும் மஞ்சளாகும். குடியால் ஈரல் கெட்டாலும், தின்ற மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மஞ்சளாகும். பி, சி என்ற வைரஸ்கள் இரத்தத்தின் வழியாக வந்து, சிலர் உடம்பில் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் தங்கி ஈரலை அரிக்கும். குழாயில் அடைத்த கல்லுக்குக் கீழாநெல்லியை எத்தனை நாள் அரைத்துக் கொடுத்தாலும் கல் நகரப்போவதில்லை. நாள்தான் நகரும்.

கீழாநெல்லியை விஞ்ஞானிகள் ஒதுக்கித் தள்ளிவிட்டார்கள் என்று சிலர் குறைப்படுவதுண்டு. அது சரியல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் இந்தச் செடியை எடுத்து ஆராய்ந்தார். பி வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவரோடு சேர்ந்துகொண்டார். நாள்பட பி வைரஸைச் சுமந்திருந்த 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். வேறு 23 பேருக்கு மருந்தே இல்லாத போலிப் பொடி கொடுத்தார்கள். பொடி தின்றவர்களில் 22 பேருடைய இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. போலிப் பொடி தின்றவர்களில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. 1988-ல் லண்டனிலிருந்து வரும் ‘லான்செட்’ பத்திரிகையில் இது வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு தேசங்களில் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் அங்கே கிடைக்கவில்லை. இன்று பி வைரஸுக்கு டாக்டர்கள் கொடுப்பது வேறு மாத்திரை. அதைவிட நல்லது, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசி. அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கிடையாது.

ஆகவே, கீழாநெல்லி கொடுக்க ஆசைப்படுகிறவர்கள், முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கட்டும். பேச்சுத் தடுமாறினாலும், பகலெல்லாம் தூங்கி வழிந்தாலும், வாந்தி நிற்காவிட்டாலும், வயிறு வீங்கினாலும், ஈறில் இரத்தம் கசிந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது. கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் எந்தக் கை வைத்தியமும் வேண்டாம். ஈ வைரஸ் கடைசி மாதங்களில் தாயின் உயிருக்கே உலை வைத்துவிடும்.

பத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோயாளியைப் பட்டினி போடுவதால் ஈரல் தேறுவதில்லை. சோறு, பருப்பு, இட்லி, இளநீர், பழம், மோர், அவன் விரும்பினால் முட்டை, எல்லாம் கொடுக்கலாம். கரும்புச் சாறு காமாலைக்கு நல்லது என்று தெருமுனையில் வாங்கிக் கொடுப்பார்கள். சாறு கெடுதல் இல்லை. அதில் போடுகிற ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்ததோ? காமாலை எந்த வழியாக வந்ததோ, அதே வழியாக மருந்தும் வருகிறது! கொதிக்கவைத்து ஆறின தண்ணீர்தான் காமாலைக்கு முதல் பத்தியம்.

குடிக்காதவருக்கும்

ஈரல் கெட்டது என்றால் ‘குடிகாரன்’ என்று ஊர் முடிவு கட்டிவிடும். குடி ஈரலைக் கெடுக்கும் என்பதில் சந்தேகமில்லை. முதலில் கொழுப்புப் படியும், பிறகு வீங்கும், பிறகு சுருங்கிக் கல்லாகும். முதல் இரண்டு படிகளில் குடியை விட்டால் ஈரல் பெரும்பாலும் தேறிக்கொள்ளும். மூன்றாவது படிக்குப் போனது பழையபடி ஆவது அரிது. அப்போதும் குடியை விட்டால் ஆயுள் நீளும்.

ஆனால் இன்று, ஒரு சொட்டும் தொடாதவர்களுக்கும் ஈரலில் கொழுப்புப் படிகிறது. நாற்காலியில் உட்கார்ந்தே வேலை, மூன்று வேளையும் அரிசி, நடுநடுவே சர்க்கரை போட்ட காப்பி, பலகாரம், கலர் பானம். வயலில் உழுதவருக்குச் செரித்த சோறு, ஆபீஸில் உட்கார்ந்தவருக்கு ஈரலில் போய் உட்காருகிறது. இது வலிக்காது. வேறு எதற்கோ வயிற்றை ஸ்கேன் எடுக்கும்போது தெரியவரும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் சந்தேகப்படலாம். தையற்காரரிடம் இருக்கும் டேப் போதும்.

இதற்கு ‘ஈரல் டானிக்’ தேடவேண்டியதில்லை. உடம்பின் எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கு குறைந்தால் ஈரலின் கொழுப்பு நன்றாகக் கரையும். 70 கிலோ இருப்பவர் ஐந்து அல்லது ஏழு கிலோ குறைக்கவேண்டும். அதையும் ஒரே மாதத்தில் பட்டினி கிடந்து குறைப்பது கெடுதல். தட்டில் பாதி காய், கீரை; மீதியில் பருப்பும் சோறும். ஒரு வேளை கேழ்வரகோ கம்போ. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் விறுவிறுப்பான நடை. காப்பிப் பிரியர்கள் சந்தோஷப்படலாம்: காப்பி ஈரலுக்கு நல்லது என்றே ஆராய்ச்சிகள் சொல்கின்றன. சர்க்கரைக்கு அந்தப் பெருமை இல்லை.

பூசணம் பிடித்த நிலக்கடலையை ஊதித் துடைத்துத் தின்னும் பழக்கம் போகவேண்டும். 1974-ல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும், மழையில் நனைந்து பூசணம் பூத்த மக்காச்சோளத்தைத் தின்ற ஏழைக் குடியானவர்கள் நூறு பேருக்கு மேல் ஈரல் கெட்டு இறந்தார்கள். அந்தப் பூசண விஷம் அடுப்பில் வெந்தாலும் முற்றிலும் அழியாது.

கழுத்தில் கட்டி

இனி உப்பு. தைராய்டு தன் நீரைச் சுரக்க அயோடின் வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம். குண்டூசித் தலையளவுகூட இல்லை. அது கிடைக்காவிட்டால் சுரப்பி பாடுபட்டுப் பாடுபட்டுப் பெருத்துவிடும். அதுதான் முன்கழுத்துக் கழலை.

கழலையைப் பார்த்துக் கேலி செய்கிறவர்கள் உண்டு. கழுத்தில் தெரிவது பாதிக் கதைதான். கர்ப்பத்தில் அயோடின் பற்றாவிட்டால் வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை சரியாக வளராது. அதனால்தான் கர்ப்பிணிக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும் என்கிறார்கள். கழலை இல்லாத தாய்க்கும் மந்தமான பிள்ளை பிறக்கலாம். பள்ளிக்கூடத்தில் ‘மக்கு’ என்று பேர் வாங்கின பிள்ளைகளில் எத்தனை பேர், உப்பின் குறையைத் தலையில் சுமந்தவர்களோ!

இன்று ஹிமாச்சலப் பிரதேசத்தில் இருக்கும் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளில் பலருக்குக் கழலை. 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் மற்றவர்களும் அந்தப் பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. சில வருஷங்களில், அயோடின் உப்பு தின்ற இரண்டு பகுதிகளிலும் கழலை வெகுவாகக் குறைந்துவிட்டது. 1962-ல் இந்தியா முழுவதற்குமான கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது.

‘தூத்துக்குடி உப்பு இருக்க எங்களுக்கு என்ன குறை?’ என்று தமிழ்நாட்டில் கேட்பார்கள். இங்கேதான் ஏமாற்றம். கடல் நீரில் அயோடின் உண்டு. ஆனால் பாத்தியில் உப்பு விளையும்போது அதில் தங்குவது அநேகமாக ஒன்றுமில்லை. சேர்த்தால்தான் உண்டு. மீனில் உண்டு, பாலிலும் முட்டையிலும் ஓரளவு உண்டு. கடலோரத்தார் மீனால் தப்பலாம். கொங்கு நாட்டுக் குடியானவர் என்ன செய்வார்? இப்போது சிலர் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் இந்துப்பிலும், சேர்த்திருந்தால் ஒழிய, போதிய அயோடின் இராது.

அடுப்பங்கரையில் செய்யவேண்டியது மிகச் சுலபம். பாக்கெட்டில் ‘அயோடின் சேர்த்தது’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று, எழுத்துக் கூட்டியாவது படிக்கவேண்டும். ‘உணவுக்கல்ல’ என்றோ ‘தொழில் உபயோகத்துக்கு’ என்றோ போட்ட கல்லுப்பு மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது. கல்லுப்பில் அழுக்கு இருக்கிறதென்று கழுவிப் போடுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. கல்லின் மேலே தெளித்த அயோடின் அந்தக் கழுநீரோடு சாக்கடைக்குப் போய்விடுகிறது. ஜாடியை மூடிவைக்கவேண்டும்; அடுப்பின் சூடும் வெயிலும் படாத இடம் நல்லது. குழம்பு இறக்கும் சமயத்தில் உப்புப் போட்டால் அயோடின் அதிகம் வீணாகாது. இதைக் கேட்டு உப்பை அள்ளிப் போட்டுவிடவேண்டாம். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்குள்தான் இருக்கவேண்டும்.

முட்டைக்கோஸ், மரவள்ளி இரண்டையும் தைராய்டுக்கு எதிரி என்று பயமுறுத்துகிறார்கள். அயோடின் போதுமான அளவு தின்கிறவர்கள், வேகவைத்து அளவோடு சாப்பிடலாம்.

மாத்திரையும் காப்பியும்

அயோடின் உப்பு தின்றும் தைராய்டு மந்தப்படுவது உண்டு. பெண்களுக்கு அதிகம். உடம்பின் காவற்படையே சுரப்பியைத் தாக்குவதால் வருவது அது. ஓயாத அசதி, மலச்சிக்கல், முடி உதிர்தல், வறண்ட தோல், காரணமில்லாமல் பருமன், மாதவிலக்கில் கோளாறு ஆகியவை அதன் அடையாளங்கள். ‘சோம்பேறி’ என்று மருமகளை ஏசுமுன் டி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனை ஒன்று செய்து பார்ப்பது குடும்பத்துக்கு நல்லது. இந்த நோய் உப்பாலும் கீரையாலும் தீராது. மாத்திரை வேண்டும். ‘இப்போது நன்றாக இருக்கிறதே’ என்று நிறுத்தக்கூடாது. கர்ப்பம் தரித்தவுடன் டாக்டரிடம் சொல்லவேண்டும். மாத்திரையின் அளவைக் கூட்டவேண்டி வரலாம்.

அந்த மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காப்பி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். விடிந்ததும் காப்பி டம்ளரோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று டாக்டரைக் குறை சொல்கிறவர்கள் எத்தனை பேர்! இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை நாலு மணி நேரம் தள்ளிச் சாப்பிடவேண்டும்.

யார் பொறுப்பு?

வீட்டுப் பெண்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. அயோடின் சேர்க்காத உப்பை மனிதர் உணவுக்கென விற்கக்கூடாது என்று 2006 மே மாதம் முதல் இந்தியா முழுவதும் சட்டம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து சேரும் ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்கவேண்டும் என்பது விதி. 2018-19-ல் நாடெங்கும் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு 76 வீடுகளில் போதிய அயோடின் இருந்தது. தமிழ்நாட்டிலோ நூற்றுக்கு 62 வீடுகளுக்குச் சற்றுக் குறைவு. எல்லா மாநிலங்களிலும் கடைசி இடம். ஊருக்கெல்லாம் உப்பு அனுப்புகிற மாநிலத்துக்கு இந்த இடம்!

வாலிநோக்கத்தில் அரசாங்கமே உப்பளம் வைத்து, அயோடினும் இரும்பும் சேர்த்த உப்புச் செய்கிறது. அந்த உப்பு எல்லா ரேஷன் கடைகளிலும் தட்டாமல் கிடைக்கவேண்டும். சிறிய உப்பளக்காரர்களுக்கு அயோடின் தெளிக்கும் இயந்திரத்துக்கு உதவி வேண்டும். மூட்டைக் கல்லுப்பை உணவுக்கென்று விற்கிற கடைகளை அதிகாரிகள் பெரிய பட்டணங்களில் மட்டுமல்ல, வாரச் சந்தைகளிலும் பார்க்கவேண்டும்.

சோதிப்பதற்குப் பெரிய ஆராய்ச்சிசாலை தேவையில்லை. சின்னப் புட்டியில் மருந்து இருக்கிறது. சிட்டிகை உப்பின்மேல் ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருந்தால் நீலமாகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு பொட்டலம் வீட்டு உப்பைக் கொண்டுவந்தால், ஒரு பாட வேளையில் ஊர் முழுவதும் எந்த உப்பைத் தின்கிறது என்று வாத்தியாரே பார்த்துச் சொல்லிவிடலாம்.