பாம்பன் பழைய பாலம்: முழுசா வேண்டாம், அந்த இரண்டு 'கைகளை' மட்டுமாவது விட்டு வைக்கலாமே?

மதுரை - போடி மீட்டர்கேஜ் ரயில் ஞாபகம் இருக்கா? தேனி, கம்பம் பக்கம் இப்போது 20 வயதில் இருப்பவர்களுக்கு அது அப்பா, அம்மா சொல்லும் கதைதான். 1928-ல் வந்த அந்த 90 கி.மீ. பாதை, அகலப்பாதைப் பணிக்காக 2010 கடைசியில் மூடப்பட்டது. தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். புது ரயில் வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால், பழைய ரயில் எப்படி இருந்ததுன்னு பிள்ளைகள் கேட்டால் எதைக் காட்டுவது?

இதே கேள்வி இப்போது பாம்பனுக்கும் வந்திருக்கிறது.

அப்படி என்ன ஸ்பெஷல்?

1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்ட பாம்பன் பாலம், இந்தியாவின் முதல் கடல் பாலம். நீளம் 2 கி.மீ.க்கு மேல். சென்னையிலிருந்து ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் என இலங்கைக்கு ஒரே டிக்கெட்டில் போன காலம் அது.

பாலத்தின் உயிரே நடுவில் உள்ள 'ஷெர்சர்' தூக்குப் பாலம்தான். கப்பல் வரும்போது இரண்டு பாதிகளும் கை தூக்குவதுபோல இரு பக்கமும் எழும். மோட்டார் கிடையாது. ஊழியர்கள் லீவரைச் சுற்றிச் சுற்றியே பல நூறு டன் இரும்பைத் தூக்கினார்கள். பின்பக்கம் இருந்த எடைக்கல்தான் அதைச் சாத்தியமாக்கியது.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. பயணிகளோடு ஒரு ரயிலும் கடலில் போனது. பாலத்தின் பெரும்பகுதி சிதைந்தும் தூக்குப் பாலம் தப்பி நின்றது. 6 மாதத்தில் சீரமைக்கச் சொன்னார்கள். இளம் பொறியாளர் இ.ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் முடித்தது.

ஏன் அகற்றுகிறார்கள்?

உப்புக்காற்றில் இரும்பு அரித்துவிட்டது. பாதுகாப்பு கருதி 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6-ல், 72.5 மீட்டர் பகுதி லிஃப்ட் போல நேராக மேலே எழும் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழையதை அகற்ற ரயில்வே முடிவெடுத்துள்ளது.

இதில் ரயில்வே சொல்லும் நியாயத்தை மறுக்க முடியாது. அரித்துப்போன 2 கி.மீ. இரும்பைக் கடலுக்கு நடுவே காலத்துக்கும் பராமரிப்பது நடக்காத காரியம். கப்பல் பாதைக்கும் அது இடைஞ்சல்.

ஆனால், தூக்குப் பாலத்தின் கதை வேறு. ரயில் நிலையங்களின் வாசலில் பழைய நீராவி இன்ஜினை வைக்கிறார்கள் இல்லையா? அதேபோல அந்த இரண்டு கைகளையும், லீவர்களையும் மண்டபம் கரையில் நிறுத்தலாம். பக்கத்தில் 1964 கதையை ஒரு பலகையில் எழுதலாம். ராமேஸ்வரம் போகும் கூட்டம் நின்று பார்க்காமலா போகும்?

உடைத்து எடைக்குப் போட்டால் ஒருமுறை பணம் வரும், அவ்வளவுதான். போடி லைனில் போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பாம்பனில் இன்னும் நேரம் இருக்கிறது.