மாட்சுவும் மணிமேகலா தெய்வமும்: ஒரு மறுப்பு

கடலோடிகளைக் காக்கும் சீனத் தெய்வமான மாட்சு, நம் மணிமேகலா தெய்வத்தின் மறுவடிவமே என்று அன்பர்கள் சிலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். சீனத்துச் சுவான்சோ துறைமுக நகரில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டைச் சான்றாகக் காட்டுகின்றனர். நாம் இதை ஏற்பதற்கில்லை.

அக்கல்வெட்டு, சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவபெருமானை எழுந்தருளச் செய்ததைக் கூறுகிறது. மணிமேகலா தெய்வத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதே நகரில் மாட்சுவின் கோயிலோ 1196இலேயே எழுந்துவிட்டது. தமிழ் வணிகர் சீனம் சென்றனர் என்பது வரலாறு. தம் தெய்வத்தை ஈந்து வந்தனர் என்பது நம் ஆசை.

இயல்பிலும் இருவரும் வேறானவர்கள். மணிமேகலா கடலைக் காக்கும் தேவமகள். மானிடப் பிறவி அல்லள். மாட்சுவோ 960இல் ஃபூஜியன் மாநிலத்து மெய்சோ தீவில் பிறந்து, இளமையிலேயே இறந்த லின் மோ என்னும் பெண் என்பது சீன மரபு. ஊரார் தெய்வமாக்கினர்; பேரரசர்கள் பிற்பாடு பட்டங்கள் சூட்டினர்.

இறந்த மனிதரைத் தெய்வமாக்கும் வழக்கம் நமக்குப் புதிதா? ஜவ்வாது மலையை அடுத்த செங்கம் வட்டாரத்தில், ஆநிரைப் பூசலில் மாண்டவர்க்கு எடுத்த நடுகற்கள் இன்றும் வேடியப்பனாக வழிபடப்படுகின்றன. கடலோடிகளைக் காப்பவர் வேண்டுமெனில் நாகூர் ஆண்டவர் இருக்கிறார். அவரும் மண்ணில் வாழ்ந்து மறைந்தவரே. மாட்சுவுக்கு உறவு தேடிக் காப்பியம் வரை சென்றவர்களின் கண்ணில் நாகூர் படாமற்போனது தற்செயலா? தமிழ்ப் பெருமையின் பட்டியலில் ஒரு தர்காவுக்கும் ஒரு வேடியப்பனுக்கும் இடமில்லை என்பதுதானே இதன் பொருள்?

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெரு முன்பு கடற்கரையாக இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் 1828–30இல் அங்கே நாகூர் தர்காவை எழுப்பினர். அதே தெருவில் ஃபூஜியன் மக்கள் 1839–42இல் தியான் ஹொக் கெங் என்னும் மாட்சு கோயிலைக் கட்டினர். கடலில் தப்பிக் கரையேறியவர்கள் அவரவர் காவலர்க்கு நன்றி செலுத்தினர். யாரிடமிருந்து யார் கடன் வாங்கினார் என்னும் வழக்கு, அலையையே காணாத நம் போன்றோர் தொடுத்தது.